உள்ளே இன்னும் ஒன்று

உங்களுக்கு,

நான் தினமும் மாமரத்துக்குக் காபி கொண்டுபோய்க் கொடுப்பதாகத் திருநகரில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. டம்ளர் காலியாகத்தான் இருக்கும்.

நேற்று எதிர்வீட்டு மருமகள் கேட்டில் சாய்ந்துகொண்டு, “அங்கிளுக்கு இன்னைக்கு காபியா டீயா ஆன்ட்டி?” என்று கேட்டாள். கேலியாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பரிதாபப்பட்டுக் கேட்டாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. “காது நல்லாக் கேக்குமா உனக்கு? வந்து கேளு” என்று டம்ளரை நீட்டினேன். உள்ளே போய்விட்டாள்.

இன்று ஒரு மருந்துப் பாட்டிலில் பெட்ரோல் வாங்கி வைத்திருக்கிறேன். மூடியைத் திறந்ததுமே நீங்கள் பின்கட்டில் நிற்பது போல இருந்தது. ஸ்கூட்டரிலிருந்து டியூப் போட்டு உறிஞ்சி எடுத்துவிட்டு, கைலியில் கையைத் துடைத்துக்கொண்டு நிற்பீர்களே, அதே வாடை. பஞ்சு இருக்கிறது. கொட்டாங்குச்சியில் களிமண் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். நுனி வளைத்த உங்கள் சைக்கிள் கம்பியைத் துரு போகத் தேய்த்துவிட்டேன். எல்லாம் தயார். ஓட்டைதான் கிடைக்கவில்லை.

மரத்தில் புழு எடுக்கும் அந்த வேலையில் நமக்குள் ஒரு பாகப்பிரிவினை இருந்தது. மில்லின் தறிச் சத்தம் உங்கள் காதுகளை ஏற்கெனவே தின்று முடித்திருந்தது. அதனால் கேட்பது என் பொறுப்பு. எவர்சில்வர் டம்ளரின் வாயை மரத்தில் பதித்து, அடியில் காதை வைப்பேன். உள்ளே புழு மரத்தைக் கடிக்கும் சத்தம், யாரோ அடுத்த அறையில் அப்பளம் மெல்லுவதைப் போலக் கேட்கும். அது எங்கே பலமாக இருக்கிறதோ அந்தப் பக்கத்தில் பிசினையும் மரத்தூளையும் தேடினால் ஓட்டை அகப்பட்டுவிடும். நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில், “இரண்டாவது கிளைக்குக் கீழே, கிழக்குப் பக்கம். சத்தம் போட வேண்டாம்” என்று எழுதி நீட்டுவேன்.

“ரெண்டாவது கெளைக்குக் கீழயா? எம்புட்டுக் கீழ?” என்று நீங்கள் கேட்பது பஸ் நிறுத்தம் வரை கேட்கும்.

“பதிலை எழுதுங்கள்” என்று இன்னொரு தாள் நீட்டுவேன்.

“நான் எதுக்கு எழுதணும்? எனக்குத்தானே காது அவுட்டு. உனக்கு நல்லாத்தானே இருக்கு, கான்வென்ட்டு?”

முப்பது ஆண்டுக் குடித்தனத்தில் நீங்கள் எனக்கு ஒரு வரி எழுதியதில்லை. கல்யாணமான புதிதில் வெளியூர் மில்லுக்குப் போனபோதுகூட, ஊருக்கு வருகிறவர்களிடம் சொல்லி அனுப்பினீர்களே தவிர, எழுதவில்லை.

கம்பியை விட்டுத் துழாவி, விரல் பருமன் வெள்ளைப் புழுவைக் கொக்கியில் மாட்டி இழுக்கும்போது உங்கள் முகத்தில் ஒரு மரியாதை வரும். “வாங்க மாப்ள. இம்புட்டு நாள் விருந்தாடுனது போதும்.” அதை மைனாவுக்கு எறிந்துவிட்டு, பெட்ரோல் பஞ்சை ஓட்டையில் திணித்துக் களிமண்ணால் அடைப்பீர்கள். அந்த ஒட்டுக்கு மேல் நான் கட்டைவிரலால் ஒரு தடவை அழுத்தினால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு.

கடைசியாக ஒன்றைப் பிடித்தது போன மழைக்காலத்தில். அடுத்த வாரம் நீங்கள் மட்டும் தனியாக மரத்தடிக்குப் போனீர்கள். நான் அடுப்படி ஜன்னலில் நின்று பார்த்தேன். உங்கள் முதுகு மட்டுமே தெரிந்தது. கைகள் இரண்டும் மரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தன. திரும்பி வந்து, “உள்ள இன்னும் ஒண்ணு இருக்கு” என்றீர்கள். வழக்கமான குரலில் இல்லை. எதிர்வீட்டுக்குக் கேட்காத குரலில் சொன்னீர்கள். நான் டம்ளரோடு போய் மரத்தைச் சுற்றி வந்து கேட்டேன். “ஒன்றும் இல்லை” என்று எழுதிக் காட்டினேன்.

“காதுக்குக் கேக்காது. கைக்குத் தெரியுது” என்றீர்கள்.

எங்கே என்று கேட்பதற்குள் பால்காரர் வந்துவிட்டார். மறுநாள் நீங்கள் எழுந்திருக்கவில்லை.

அன்று மரத்தில் சத்தம் இல்லை. இதை நான் மாற்றிச் சொல்லப் போவதில்லை.

இப்போது இருக்கிறது. மத்தியானம் கரண்ட் போய், தெருவில் அத்தனை மின்விசிறியும் நின்ற பிறகு போய்க் கேட்கிறேன். அடிமரம் முழுவதும் ஒரே அளவாகக் கேட்கிறது. எந்தப் பக்கமும் கூடுதல் இல்லை, குறைவு இல்லை. உச்சிக் கிளைகள் காய்ந்துவிட்டன. தூரில் புதுத் தூள் விழுகிறது. அது எங்கிருந்து விழுகிறது என்று தெரியவில்லை. ஒரு புழு இத்தனை மாதம் கழித்தும் அதே புழுவாக இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். எதிர்வீட்டார் சொல்வது போல அது என் காதுக்குள் ஓடும் ரத்தத்தின் சத்தமா என்றும் சோதித்துவிட்டேன். வேப்பமரத்தில் கேட்கவில்லை. காம்பவுண்டுச் சுவரில் கேட்கவில்லை. உங்கள் கட்டில் காலில் கேட்டது. அது தேக்கு. தட்டிப் பார்த்தேன், துடைத்துப் பார்த்தேன். தூள் இல்லை, துளை இல்லை.

ஆனையூரிலிருந்து நம் மகன் மரம் வெட்டுகிறவரை அழைத்துக்கொண்டு வந்தான். அவர் கோடரியின் பின்புறத்தால் தட்டிவிட்டு, “உள்ள அரிச்சுக் கோறையாயிருச்சும்மா. பெருங்காத்து அடிச்சா நீங்க படுக்குற ரூம்பு மேலதான் விழும்” என்றார்.

“ஓட்டை எங்க இருக்குன்னு காட்டுங்கம்மா, மருந்து வச்சுப் பாப்போம்” என்றான் மகன். “காட்ட முடியலன்னா ஞாயித்துக்கெழம வெட்டிருவோம். நீங்க அதுக்கு அடியில படுத்திருக்கீங்க. எனக்கு அங்க தூக்கம் வரமாட்டேங்குது.”

அவன் சொன்னதில் தவறில்லை. அழகர்கோவில் பக்கத்திலிருந்து இந்தக் காசா மாங்கன்றை மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தது நீங்கள். அது அவனுக்குத் தெரியாது. அவனிடம் சொல்லவும் இல்லை. சொன்னால் அவனும் எதிர்வீட்டு மருமகளைப் போலவே பார்ப்பான்.

டம்ளரை வைத்துவிட்டு, நீங்கள் செய்தது போல இரண்டு கைகளாலும் மரத்தை அணைத்துப் பார்க்கிறேன். பட்டை சுடுகிறது, எறும்பு ஊர்கிறது, வேறொன்றும் தெரியவில்லை. என் காதை நீங்கள் வாழ்நாளெல்லாம் வாங்கிக்கொண்டீர்கள். உங்கள் கை எனக்கு வரவில்லை. ஆனால் வீட்டுக்குள் வந்து, கதவில், அம்மிக்கல்லில், தலையணையில் கையை ஊன்றும்போது சில சமயம் உள்ளங்கையில் ஏதோ ஊர்ந்து நின்றுவிடுகிறது. அதை யாரிடமும் சொல்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆள் வருவார். நீங்கள் அன்று கை வைத்த இடம் எந்தப் பக்கம், தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதை அதற்குள் தெரியப்படுத்துங்கள். இந்தத் தடவை எழுத்தில் பதில் வேண்டும்.