ஆளில்லாத ஊரில் அவர் கல்லறை

நவம்பர் 2, ராத்திரி

இன்று கல்லறைத் திருநாள். என் வீட்டுக்காரரை சைபீரியாவிலேயே அடக்கம் செய்தார்கள். சுரங்கத்தில் அவரோடு வேலை பார்த்த சேவியர்தான் வருஷாவருஷம் அங்கே மெழுகுதிரி ஏற்றி வீடியோவில் காட்டுவான். இன்றும் காட்டினான்.

"மைனி, கரி தீந்து சுரங்கத்த மூடியாச்சு. அடுத்த வாரம் எங்களயும் அனுப்புதாவ. இனி திரி கொளுத்த ஆளில்ல."

"அந்த ஊர்க்காரங்க ஆரும் இல்லியா?"

"ரொட்டிக்கடைக் கிழவிகூட மகன்கிட்ட போயிட்டா மைனி."

அவர் வேலைக்குப் போன புதிதில் அங்கே பள்ளிக்கூடம், சினிமா, ராத்திரி முழுக்க வெளிச்சம். "நம்ம முட்டம் திருவிழா தோத்துப்போவும், ஏட்டி" என்பார். இன்று வீடியோவில் பார்த்த வீடுகளில் சன்னல்கூட இல்லை.

இங்கே எங்கள் ஊரில், கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்குக் கல்லறை கிடையாது. அவர்களுடைய பெண்கள் கடற்கரை மணலில்தான் திரி ஏற்றுவார்கள். பக்கத்து வீட்டு மேரி ஒவ்வொரு வருஷமும் என்னையும் கூப்பிடுவாள். அவருக்குத்தான் கல்லறை இருக்கிறதே என்று போகமாட்டேன். இன்று சாயங்காலம் கூப்பிடாமலே போனேன்.

"வந்தியா மக்கா," என்று நகர்ந்து இடம் விட்டாள்.

சாப்பிடும்போதுகூட வாய் ஓயாத மனுஷன் அவர். பேச ஒரு ஆளில்லாமல் அந்தப் பனியில் எப்படித்தான் கிடப்பாரோ.