கார்ட்டில் ஏழு தலையணை

மார்ச் 3, திங்கள்
கார்ட் வேலை என் கைக்கு வந்துவிட்டது! ஆன்லைன் கடைக்குள் பெயர் சொல்லாமல் விருந்தாளியாக வருகிறவர் எதையாவது கார்ட்டில் போட்டுவிட்டுப் பிறகு லாகின் செய்தால், அந்தப் பொருள் அவருடைய அக்கவுண்ட் கார்ட்டோடு போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான். அவ்வளவுதானா?

மேனேஜர் சொன்னார்: "பதினேழாம் தேதி கடை திறக்குது. இது சரியா வந்தா உங்க வேலை நிரந்தரம். சொதப்பினா என்னால ஒண்ணும் பேச முடியாது."

மார்ச் 6
நிற்கிறது! பிரவுசரை மூடித் திறந்தாலும் விருந்தாளி கார்ட் அப்படியே இருக்கிறது. நாற்காலியை விட்டுத் துள்ளிவிட்டேன்.

"முதுகு வலின்னு அழுதவ குதிக்கிறதைப் பாரு," என்றார் நாத்தனார். ஒரு மாதமாக எங்களோடுதான் இருக்கிறார். கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்க்கிற ரகம். சோதனைத் தளத்தை அவரிடம் கொடுத்தேன். முதுகுக்கு வைக்கிற தலையணை ஒன்றைக் கார்ட்டில் போட்டார். அக்கவுண்ட்? "என் பேரும் நம்பரும் அவங்களுக்கு எதுக்கு?"

மார்ச் 10
கெஞ்சிக் கூத்தாடி அக்கவுண்ட் திறக்க வைத்தேன். தலையணை சமர்த்தாக உள்ளே போய்விட்டது. ஆபீஸ் டெஸ்டரும் பச்சைக்கொடி காட்டிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 12
ஐயோ.

நாத்தனார் கார்ட்டைக் காட்டினார். "ஏம்மா, நான் ஒண்ணுதானே போட்டேன்? ஏழு காட்டுது. யார் தலையில கட்டப் பாக்குறீங்க?"

ஏழு! எப்படி ஏழு? நான் பார்க்கும்போதெல்லாம் ஒன்றுதானே — "அண்ணி, என்ன பண்ணீங்க?" கொஞ்சம் கத்தியே கேட்டுவிட்டேன்.

"என்ன பண்ணேன்? பாத்தேன், மூடினேன். திறந்து போட்டுட்டா போவாங்க?"

பார்த்த ஒவ்வொரு முறையும் லாக் அவுட் செய்திருக்கிறார். ஏழு லாகின். பொருளைச் சேர்த்த பிறகு விருந்தாளி கார்ட்டைக் காலி செய்ய நான் மறந்திருக்கிறேன்! அதனால் அதே தலையணை ஏழு முறை போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆபீஸில் நாங்கள் ஒருவர்கூட லாக் அவுட் செய்ததே இல்லை. சோம்பேறிக் கூட்டம். கடை திறந்த பிறகு இது நடந்திருந்தால்? என் கதை கந்தல்தான்.

மார்ச் 13
ஒரே ஒரு வரி கோட். நாத்தனார் பழைய ஏழையும் எடுத்துவிட்டு, புதிதாக ஒன்று போட்டு, பன்னிரண்டு முறை உள்ளே போய் வெளியே வந்தார். ஒன்று! ஒன்றேதான்! கட்டிப்பிடித்துக்கொண்டேன். "விடுடி, மூச்சு முட்டுது."

மார்ச் 17
கடை திறந்தது. ஆயிரக்கணக்கில் கார்ட்டுகள் சேருகின்றன, எதுவும் பெருகவில்லை. மேனேஜர் கையைக் குலுக்கி, "நிரந்தரம்," என்றார்.

மார்ச் 20
பார்சல் வந்தது, என் பெயருக்கு. நான் எதுவும் வாங்கவில்லையே? பிரித்தால் அதே முதுகுத் தலையணை. உண்மைக் கடையிலும் நாத்தனார் தானாகவே அக்கவுண்ட் திறந்திருக்கிறார்!

"உங்களுக்குன்னுல்ல நினைச்சேன் அண்ணி?"

"எனக்கு எதுக்கு? நாள் முழுக்க அந்த நாற்காலியில கிடக்கறது நீதானே. முதல் நாள்லேருந்து உனக்குத்தான் போட்டு வச்சேன்."

அதில் சாய்ந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். பக்கத்தில் அவர் லாக் அவுட் செய்துவிட்டு, செய்தாயிற்றா என்று மறுபடி திறந்து பார்க்கிறார்.