உள்பக்கம் வைத்த பூட்டு

அக்கா,

கதவிலிருந்து வட்டமாக அறுத்தெடுத்த மரத்துண்டு என் கையில் இருக்கிறது. புதுப் பூட்டுக்குத் துளை போட்டபோது கீழே விழுந்தது. பூட்டுக்காரர் கூட்டித் தள்ளப் போனார், நான் பிடுங்கிக்கொண்டேன். மேலே பழுப்பு, அடியில் தோட்ட நிர்வாகம் அடித்த பச்சை, நடுவில் மெல்லிசாக ஒரு நீலம். ஒரு கிறிஸ்மஸுக்கு உங்கள் கதவுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்ட்டை எங்கள் கதவுக்கும் பூசினோமே, அந்த நீலம். உங்கள் பூனை அதில் முதுகைத் தேய்த்துவிட்டு லயத்து வரிசை வீடுகள் முழுக்கத் திரிந்தது.

அப்போது இந்தக் கதவுக்குப் பூட்டு ஏது? ஒரு கொண்டி, அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் நீங்கள் இருந்தீர்கள். அப்பாவுக்கு ஞாபகம் தப்பிப்போன பிறகும் மந்தினில் பஸ் ஏறி நீலாய் காலேஜ் கேண்டின் வேலைக்கு நிம்மதியாகப் போய்வந்தேன். “நீ போ புள்ள, நான் இருக்கேன்லா” என்பீர்கள்.

அப்பாவுக்கு எந்த நேரமும் விடிகாலைதான். பெரட்டில் அன்றைய வேலைக்குப் பேர் கூப்பிடுகிறார்கள், நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடுவார். ரப்பர் பால்மரங்களை அழித்துச் செம்பனை நட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது என்று சொன்னால் முறைப்பார். நீங்கள் மட்டும் உங்கள் வாசலில் நின்றபடியே, வெயில் கொளுத்தினாலும், “மாமா, மழ பேஞ்சிருச்சி. இன்னிக்கு வெட்டு இல்ல” என்று இழுப்பீர்கள். மழையில் மரத்தைக் கீறிப் பால் வெட்ட முடியாது என்பதை மட்டும் அவர் மறக்கவில்லை. பேசாமல் திரும்பி வந்து உட்கார்ந்துவிடுவார். அதையே நான் சொன்னால் வானத்தைப் பார்த்துவிட்டு, பொய்யா சொல்கிறாய் என்று கையை ஓங்குவார். பெற்ற மகளை நம்பாதவர் உங்களை நம்பினார்.

செத்துப்போக உங்களுக்கு அப்படி என்ன அவசரம் அக்கா? போன மழைக்காலத்தில் உங்களைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்த மறுவாரமே அப்பா லாரிப் பாதைக்குப் போய்விட்டார். செம்பனைக் குலை ஏற்றி வந்த லாரிக்காரர் பிரேக் போட்டு, அவரை வீட்டில் கொண்டுவந்து விட்டார். அதன் பிறகு நான் பாதி வேலையில் ஓடிவருவதே வழக்கமாகிவிட்டது. இன்னொரு தரம் ஓடினால் திரும்பி வரவேண்டாம் என்று கேண்டினில் சொல்லிவிட்டார்கள். வேலை போனால் இருவருக்கும் சோறு கிடையாது. வேலைக்குப் போனால் அப்பா லாரியடியில். நான் என்னதான் செய்வது?

அதனால்தான் போனில் திறக்கிற இந்தப் பூட்டு. நம் லயத்துக் கதவு அதற்கு மெல்லிசு, பின்னால் ஒரு பலகை வைத்து முடுக்கினார். நிலை தொங்கியிருந்ததால் பூட்டின் நாக்கு குழிக்குள் போகாமல் முட்டியது, மோட்டார் முனகியது. உளியால் செதுக்கிச் செதுக்கிச் சரிசெய்தார். எண் பலகையை உள்பக்கம் வைக்கச் சொன்னபோது என்னை ஒரு மாதிரி பார்த்தார். எல்லாரும் திருடனுக்குப் பயந்து வெளியேதான் வைப்பார்கள் என்றார். தீ பிடித்தால் என்ன செய்வாய் என்றும் கேட்டார். வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் குமிழைத் திருகித் திறக்கலாம், போனிலும் நான் திறக்கலாம் என்றேன். பெற்றவரைத்தான் பூட்டுகிறேன்.

எண் வைக்கச் சொன்னார். யோசிக்காமல் தோட்டத்துச் சம்பளப் பதிவில் அப்பாவுக்கு இருந்த செக்ரோல் நம்பரை அழுத்தினேன். நம் வீட்டுத் தட்டிலும் தூக்குச்சட்டியிலும் கீறியிருப்பது அதுதானே. வேறு எந்த நம்பர் என் விரலுக்கு வரும்? என் பேரை மறந்தவர் அதை மறக்கவில்லை என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

மறுநாளே கதவு திறந்துவிட்டதாகப் போன் காட்டியது. பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தேன். லாரிப் பாதையில் அவர் இல்லை. உங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். “மழயான்னு கேக்க வந்தேன். பக்கத்து வீட்டுப் புள்ளயக் காணோம்” என்றார். பக்கத்தில் உட்கார்ந்து, இனி என்னால் முடியாது என்று வாய்விட்டு அழுதேன்.

காலில் விழாத குறையாகக் கெஞ்சி வேலையைக் காப்பாற்றிக்கொண்டேன். பூட்டின் எண்ணையும் மாற்றினேன். அடுத்த நாள் இடுப்பில் போன் அதிர்ந்தது. பூட்டில் யாரோ தவறான எண்ணை அழுத்துவதாகக் காட்டியது. திரும்பவும் அதிர்ந்தது. சாயங்காலம்வரை அப்பா தன் நம்பரை அழுத்திக்கொண்டே இருந்தார், நான் கேண்டினில் காலேஜ் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோதும் உள்ளே பொத்தான் சத்தம். குமிழைத் திருகினால் என்னைத் தள்ளிவிட்டுப் போய்விடுவார். என்ன செய்வதென்று தெரியவில்லை. என் வாய் தானாக, நீங்கள் இழுக்கிற மாதிரியே இழுத்தது. “மாமா, மழ பேஞ்சிருச்சி. இன்னிக்கு வெட்டு இல்ல.”

சத்தம் நின்றது.

“எங்கம்மா போயிருந்த இத்தன நாளா?” என்றார் அப்பா. பிறகு மெதுவாக, “என் புள்ள வேலக்கிப் போயிருக்கு. வந்தா, கதவு பூட்டியிருக்கேன்னு பயந்துக்கும். நீ பாத்துக்க” என்றார்.

“சரி மாமா” என்றேன்.

இப்போது தினமும் அப்படித்தான். மரத்துண்டைப் பையில் பிடித்துக்கொண்டு, கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நீங்களாக நிற்கிறேன். அவர் போய் உட்கார்ந்த பிறகு குமிழைத் திருகி, அவர் மகளாக உள்ளே போகிறேன். அப்பா நிமிர்ந்து பார்த்து, யாரும்மா நீ என்று கேட்கிறார்.