பதினொன்றரை மணி ஜன்னல்

செம்பூர்,
14 அக்டோபர் 2024

அன்புள்ள பொன்செல்விக்கு,

பதவி உயர்வில் உனக்குச் சந்தோஷமா அம்மா என்று நேற்று போனில் கேட்டாய். குக்கர் விசிலைச் சாக்கிட்டு போனை வைத்துவிட்டேன். மற்றபடி நானும் அப்பாவும் நலம், கிளாஸ்கோவில் நீயும் நலமாக இருந்தால் போதும். அப்பா முழங்கால் வலியோடு தாணேக்கு வேலைக்கு ரயிலில்தான் போய்வருகிறார், ஆட்டோவில் போகச் சொன்னால் டாக்டராகச் சொல்கிறாயா சூப்பரின்டென்டன்டாகச் சொல்கிறாயா என்று கேலி செய்கிறார். உனக்குத் தமிழ் வாசிப்பது சிரமம் என்று தெரியும், ஆனாலும் இதை வேறு மொழியில் எழுத எனக்கு வரவில்லை, மெதுவாக வாசி.

தாராவி இசக்கியம்மாளை உனக்கு நினைவிருக்கும், சின்ன வயதில் நீ என்னோடு ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம் உன் கையில் இட்லிப் பொட்டலத்தைத் திணிப்பாள். சர்க்கரை நோய், காலில் ஆறாத புண். இட்லி விற்று முடித்து அவள் வந்து சேரப் பன்னிரண்டாகும், டாக்டரைப் பார்க்கச் சீட்டுத் தரும் கேஸ் பேப்பர் ஜன்னல் மூடியிருந்தாலும் பதினாறு வருடம் நான் பார்த்தனுப்பினேன். ஜூனில் சூப்பரின்டென்டன்டாகி மாடி அறைக்குப் போனதும் நான் போட்ட முதல் உத்தரவே, பதினொன்றரைக்குப் பிறகு கேஸ் பேப்பர் கிடையாது, யாருக்கும் விலக்குக் கிடையாது என்பதுதான். நாலு மணிவரை சாப்பிடாமல் நோயாளிகளைப் பார்த்த ஒரு இளம் டாக்டர் மயங்கி விழுந்திருந்தாள், அதனால் உத்தரவில் தவறில்லை என்று இன்றும் வாதாடுவேன். ஒருவர்கூடப் புகார் சொல்லவில்லை. கூட்டம் குறைந்துவிட்டதென்று மீட்டிங்கில் கைதட்டினார்கள், நானும் நம்பினேன்.

சனிக்கிழமை வார்டுகளைச் சுற்றிவரும்போது கடைசிக் கட்டிலில் அவள் கிடந்தாள், கணுக்கால்வரை கறுத்துவிட்டது. மாடிக்கு வந்து என்னிடம் கேட்டால் என்ன என்று கோபப்பட்டேன். "மூணு தடவ வந்தேன் டாக்டரம்மா, ஒங்க ஆர்டருன்னு சொன்னாவ. நம்ம டாக்டரம்மா போட்ட சட்டத்த நாமளே மீறுனா மத்தவன் மதிப்பானான்னு திரும்பிப் போயிட்டேன்" என்றாள். பிறகு, "மேல ஏசி ரூமாம்லா, காத்து நல்லா வருதா?" என்று சிரித்தாள். நர்ஸிடமிருந்து ட்ரேயை வாங்கி நானே கட்டு மாற்றினேன். கட்டு மாற்றி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும்.

நாளை காலை ஆபரேஷன். டாக்டர்களை இரண்டு ஷிப்டாகப் பிரித்து, ஜன்னலை ஒரு மணிவரை திறந்துவைக்கப் புது உத்தரவில் கையெழுத்திட்டுவிட்டேன். ஜூனில் அரைமணி நேரம் யோசித்திருந்தால் அப்போதே செய்திருக்கலாம். நீயும் ஆபீஸில் டீம் லீடராகப் போவதாகச் சொன்னாய். யாரும் புகார் சொல்லவில்லையென்றால் எழுந்து போய்ப் பார். சாமியிடம் கேட்டு எனக்குப் பழக்கமில்லை, என் பங்கையும் சேர்த்து அப்பாவே கேட்டுக்கொள்கிறார், நீ நன்றாக இரு. இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்காதே.

உன் அம்மா,
விஜயராணி

செவ்வாய் மாலை. கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. இசக்கியம்மாளுக்கு முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். கண் விழித்ததும் இட்லிக் கொப்பரையை யார் கழுவினது என்று கேட்டாளாம். பதினொன்றரைக்கு நான் ஜன்னலருகே போய் நின்றேன். கிளார்க் ஜெயகணேஷ் பேப்பர் கட்டை முன்னால் வைத்துக்கொண்டு புது உத்தரவுப்படி ஒரு மணிவரை உட்கார்ந்திருந்தார். நாலு மாதமாகத் திரும்பிப் போனவர்களில் ஒருவரும் வரவில்லை.