பாயின் நாலாவது மூலை

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? இங்கே மூவரும் சௌக்கியம்.

இந்தத் தீவுக்கு வந்தபின் நேற்றுதான் முதன்முதலாகக் கடற்கரைக்குப் போனோம். நீங்கள் கொடுத்தனுப்பிய பெரிய பாயை விரித்தேன். காற்றா அது! ஒரு மூலையில் நான், ஒன்றில் உங்கள் மாப்பிள்ளை, ஒன்றில் உங்கள் பேத்தி. நாலாவது மூலை மட்டும் எழும்பி எழும்பி, சாப்பாட்டில் மண்ணை வாரிப் போட்டது. செருப்பை வைத்தும் அடங்கவில்லை. ஒரே சிரிப்பு.

"தாத்தா வந்து உக்காந்தா பறக்காதும்மா" என்றாள் பேத்தி. அந்த நேரம் பார்த்து என் கண்ணிலும் மண் விழுந்துவிட்டது.

சின்னப் பாயாக ஒன்று வாங்கிவிடலாம் என்கிறார் மாப்பிள்ளை. நான் சம்மதிக்கவில்லை.

குக்கர் கத்துகிறது, முடிக்கிறேன். வெந்நீர் ஒத்தடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள் அப்பா. பாயில் உட்கார முழங்கால் மடங்க வேண்டும்.

உங்கள் மகள்