போந்து யார்?

செவ்வாய்

காலையிலிருந்து புழுதிக் காற்று. ஜெபல் அலி துறைமுகக் கிரேன் ஒன்றும் கண்ணில் படவில்லை. ஏசி பில்டர் எல்லாம் மண். இன்றும் பருப்பு.

டூட்டி முடிந்து ஒத்திகை. ரூம்மேட் ஆலம் எழுதிய வங்காள நாடகம். சணல் மில், சம்பளம் தராத முதலாளி, ஸ்டிரைக். வெள்ளிக்கிழமை மெஸ் ஹாலில். முதலாளி நான். தொப்பை எனக்குத்தான் இருக்கிறதாம்! வங்காளம் சுத்தமாகத் தெரியாது. ஒரே வசனம், தமிழில் எழுதி மனப்பாடம்: ‘சுப்! காஜே ஜா!’ வாயை மூடு, வேலைக்குப் போ. நான் அதட்டியதும் எல்லோரும் கை தூக்கி ‘எஷோ போந்து!’ என்று கத்த வேண்டும். வா நண்பா என்று அர்த்தம்.

புதன்

பக்கத்து கேம்ப்பில் வேலைக்குப் போக மறுத்தார்களாம். பஸ் கொண்டுவந்து அத்தனை பேரையும் அள்ளிப் போனார்களாம். விசா கேன்சல், ஏர்போர்ட், கலாஸ், கதை முடிந்தது.

நாடகம் வேண்டாம் என்றேன் ஆலமிடம். “சிர்ஃப் நாடக் ஹை, பாய்,” வெறும் நாடகம்தானாம், சிரிக்கிறான். அவனுக்கு அடுத்த மாதம் லீவ், ஊரில் கல்யாணம். புடவைகூட வாங்கியாயிற்று.

வியாழன்

கேம்ப் பாஸ் கூப்பிட்டார். திருநெல்வேலிக்காரர்.

“ஏல ஆரோக்கியம், யாருல அந்த போந்து?”

“ஆள் பேரு இல்ல அண்ணாச்சி. கூட்டாளின்னு அர்த்தம்.”

“சாயங்காலம் ஆனா எல்லாவனும் ஒரே வாயா கூப்பிடுதான். பேரு இல்லியாம்! தலைவன் அவன்தான். ஆளு தெரிஞ்சா நாளைக்கே பஸ்ஸுல ஏத்திருவேன். நீ உன் விசாவப் பாத்துக்க.”

ரூமுக்கு வந்து ஆலமிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். மற்றவர்களிடமும் சொல்லிச் சிரித்தான். பாவிப்பயல்.

வெள்ளி

வார லீவு. மாதா கோயிலுக்குப் போகவில்லை. கேட்டில் வெள்ளை பஸ், காலையிலிருந்தே.

சாயங்காலம் மெஸ் ஹால் நிறைந்த கூட்டம். நாடகம் தொடங்கவில்லை. செக்யூரிட்டி உள்ளே வந்து சத்தமாக, “போந்து கோன் ஹை?”

நண்பன் யார் என்று கேட்கிறான்! பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஆலம் கை விளையாட்டாகப் பாதி உயர்ந்துவிட்டது. வேண்டாம் என்று கத்த வேண்டும். அந்த நேரம் பார்த்து இந்தியில் ஒரு வார்த்தை வரவில்லை. ஐயோ, வாயில் வந்தது அதுதான்.

“சுப்! காஜே ஜா!”

ஹால் முழுக்கச் சிரிப்பு. அத்தனை கைகளும் மேலே. ஆலம் இரண்டு கையையும் தூக்கி, என்னைப் பார்த்து, “எஷோ போந்து!”

முன்வரிசையை அப்படியே பஸ்ஸில் ஏற்றினார்கள். ஆலம்தான் முதல். பிறகுதான் சிரிப்பு நின்றது.

பாஸ் வந்து என் தோளில் தட்டினார். “ஏல ஆரோக்கியம், ஆள நல்லா எடுத்துக் குடுத்த.”