வரைபடத்தில் நிறமில்லாமல் விட்ட வளவு

சுகாதாரப் பரிசோதகர் முந்தநாள் தந்துவிட்டுப் போன தாள் இன்னும் மேசையில் கிடக்கிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சி இருக்கிறதாம். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் கொடுக்கக் கூடாதாம். மூன்று தரம் வாசித்தேன். மூன்றாம் தரம் நீ ஞாபகத்துக்கு வந்தாய். நீ செத்து மூன்று வருடத்துக்குப் பிறகு, இப்போதுதான் உனக்கு எழுதுகிறேன்.

இறுதி வருட ஆய்வுக்கு இந்தச் சின்ன ஊரைத் தெரிவு செய்தது நீ. கடற்கரை வல்வெட்டித்துறைக்காரி, நல்ல தண்ணீரின் அருமை உனக்குத் தெரியும். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்துத் திருநெல்வேலி அறையிலிருந்து இருவரும் ஒரே ஸ்கூட்டியில் வருவோம். ஆறில்லாத நிலம். செம்மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல். அதன் வெடிப்புகளால் இறங்கும் மழைதான் ஊர் முழுவதற்கும் தண்ணீர். வெங்காயத் தோட்டத்து யூரியாவும் நைத்திரேற்றாகி அதே வழியால்தான் இறங்கும். வீடு வீடாக ஆட்களை எண்ணினோம். கிணறு கிணறாகப் போத்தலில் தண்ணீர் பிடித்தோம். வரைபடத்தில் கூடாத கிணற்றுக்குச் சிவப்பு, நல்லதுக்குப் பச்சை.

இந்த வீட்டு வளவுக்கு வந்தபோது வாசல் கேற் துருவேறிக் கிடந்தது. போரில் இடம்பெயர்ந்தவர்கள் திரும்பியிருக்கவில்லை. படிவத்தில் ‘ஆட்கள் இல்லை’ என்று எழுதினேன். நீ அதற்குள் மதிலில் ஏறிவிட்டாய்.

“ஆளில்லாட்டில் கிணறும் இல்லையோடி? வாளியைத் தா, ஒரு போத்தல் அள்ளிக்கொண்டு வாறன்.”

“விசரி, இறங்கு! பாம்பு கிடக்கும். உதுக்குள்ளை ஆர் வந்து குடியிருக்கப்போகினம்?”

நீ இறங்கினாய். வெறும் போத்தலை என் பையில் திணித்துவிட்டு முன்னே நடந்தாய். வரைபடத்தில் இந்த ஒரு வளவு மட்டும் நிறமில்லாமல் போயிற்று.

குடியிருக்க வந்தவள் நான்தான். இது என் கணவரின் குடும்பம் விட்டுப்போன வீடு என்று கலியாணம் பேசியபோதுதான் தெரியும். கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கினோம். தண்ணீர் இனித்தது. அக்கம்பக்கத்து ஒழுங்கைச் சனமெல்லாம் பிளாஸ்டிக் கான்களோடு வந்தார்கள். நிறமில்லாததை நல்லதென்றே நானும் எடுத்துக்கொண்டுவிட்டேன். கிருமிக்குப் பயந்து மகளின் பால்மாவுக்கு இரண்டு தரம் கொதிக்கவைத்தேன். கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். அதைப் பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியவள் நான். ஆறு மாதம், என் கையாலேயே கொடுத்திருக்கிறேன்.

டொக்டர் பார்த்துவிட்டு, “பிள்ளை நல்லாய்த்தான் இருக்கிறா, தண்ணியை மாத்துங்கோ” என்றார். பக்கத்து வீட்டுச் சுமதி முழுகாமல் இருக்கிறாள். அவள் குடிப்பதும் எங்கள் தண்ணீர்தான்.

அவளிடம் சொல்லப்போகிறேன் என்றதும் மாமியார் மறித்தார். “கிணத்தடிக்கு வராதை எண்டு சொல்லப்போறியோ? இந்த ஊரிலை அந்தச் சொல்லுக்கு என்ன கருத்தெண்டு உனக்குத் தெரியாதே பிள்ளை?”

தெரியும். எங்கள் ஆய்வில் ஊர் வரலாற்றை எழுதியது நீ. யார் தாங்களே அள்ளலாம், யார் இன்னொருவர் அள்ளி ஊற்றும்வரை காத்து நிற்க வேண்டும் என்று அந்த நாளில் இருந்த சாதி வழக்கத்தையும் மறைக்காமல் எழுதியிருந்தாய்.

இன்று காலை சுமதி கானைக் கீழே வைத்ததும் சொல்லிவிட்டேன். தாளையும் நீட்டினேன். அவள் முகம் கறுத்தது.

“எங்களுக்குத் தண்ணி தர விருப்பமில்லாட்டில் நேரை சொல்லுங்கோ அக்கா. ஏன் உந்தக் கடுதாசி?”

“ஐயோ, இல்லையடி. ஆறு மாசமாய் என்ரை பிள்ளைக்கும் இதைத்தான் பருக்கினனான்.”

என் இடுப்பிலிருந்த மகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு கையை வயிற்றில் வைத்தபடி, மற்றக் கையின் விரல்களை ஒவ்வொன்றாக மடித்தாள். ஐந்தாவது விரலோடு கை மூடிக்கொண்டது.

அவளுடைய கானைத் தூக்கிக்கொண்டு, தண்ணீர்ப் பவுசர் வரும் சந்திக்கு நடந்தேன். அவள் பின்னால் வந்தாள். வழியில் ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் நின்று சொன்னோம். நான் திக்கிய இடத்தில் அவள் சொன்னாள்.

அவளுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அந்த மூடிய கை என் கண்ணை விட்டுப் போகவில்லை. மிச்ச நாட்களை நானும் அவளோடு எண்ணிக்கொண்டிருக்கிறேன்.